‘வேண்டியதாயிற்று’: அலுவல் ஆங்கிலத்தில் எப்படி?

பாலத்தில் விரிசல், அதனால் சாலையை மூட வேண்டியதாயிற்று. இதை ஆங்கில அறிக்கையில் ‘சோ வீ ஹேட் டு’ என்று தொடங்கினால் பேச்சு வாடை அடிக்கும். ஆங்கிலேயர் காரணத்தையே எழுவாயாக்கிவிடுவார்கள்: ‘தி கிராக் நெசெசிடேட்டட் க்ளோசிங் தி ரோட்.’ மூடிய ஆளே காணோம், எல்லாம் விரிசலின் வேலை! பழி யார்மீதும் விழாத இந்த நடை அலுவலகங்களுக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

நாம் வழுக்குவது அடுத்த சொல்லில். ‘நெசெசிடேட்’டுக்குப் பின் ‘டு க்ளோஸ்’ வராது. ‘க்ளோசிங்’ அல்லது ‘தி க்ளோஷர் ஆஃப்’ என்றே எழுத வேண்டும்.

‘அதனால்’ என்பதற்கு ‘தேர்ஃபோர்’, ‘ஹென்ஸ்’ என்ற சொற்களும் உண்டு. இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவே ‘தேர்ஃபோர்’ வந்தால் அதன் முன் காற்புள்ளி மட்டும் போதாது. அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ தேவை. ‘ஹென்ஸ்’ சிக்கனக்காரர். வினைச்சொல்லே இல்லாமல் ‘ஹென்ஸ் தி நீட் ஃபார் ரிப்பேர்ஸ்’ என்று முடித்துக்கொள்ளலாம்.

‘மஸ்ட்’டை நேற்றைய கட்டாயத்துக்குப் போடாதீர்கள். அதற்கு ‘ஹேட் டு’. இன்னும் விறைப்பு வேண்டுமென்றால் ‘வாஸ் ரிக்வயர்ட் டு’. ‘நெசெசிடேட்’ ஒரு கடிதத்துக்கு ஒருமுறை போதும், கனமான சொல்.