முதுகில் குழந்தை: எதற்குத்தான் பயப்பட வேண்டும்?

ஹைதராபாத்தின் ஹப்சிகுடா எட்டாம் நம்பர் தெருவில், சாயங்கால நேரத்தில் ஒரு பெண் குழந்தையை நெய்த துணியால் முதுகில் கட்டிக்கொண்டு காய்கறி வாங்க இறங்கினால், கீரைக்கு விலை கேட்டு முடிப்பதற்குள் நாலு பேர் அபிப்பிராயம் சொல்லிவிடுவார்கள். "இதென்னம்மா ஃபாரின் கூத்து?" என்பார் ஒருவர். "கட்டட வேலைக்குப் போறவ மாதிரி இருக்கே" என்பார் இன்னொருவர். ஒன்றுக்கொன்று ஒட்டாத இந்த இரண்டு குற்றச்சாட்டும் பல சமயம் ஒரே வாயிலிருந்து வரும். குழந்தையின் கால் வளைந்துவிடும், மூச்சு முட்டும் என்கிற மருத்துவக் காரணங்கள் அதற்குப் பிறகுதான் வரிசையில் நிற்கும். என் சந்தேகம், சங்கடம்தான் முதலில் வந்தது, காரணங்கள் பின்னால் தேடப்பட்டன. அதனால்தானோ என்னவோ, பயப்பட வேண்டாத விஷயங்களுக்கெல்லாம் பயப்படுகிறோம், நிஜமாகவே ஆபத்தானவற்றைப் பார்த்தும் பேசாமல் இருக்கிறோம்.

"இது வெளிநாட்டிலிருந்து வந்த புதுப் பழக்கம்."

விலைச்சீட்டு மட்டும்தான் புதுசு. ஜெர்மனியில் இரட்டைக் குழந்தைகள் பெற்ற எரிகா ஹாஃப்மன், லத்தீன் அமெரிக்கச் சால்வை ஒன்றில் குழந்தைகளைக் கட்டித் தூக்கிப் பழகி, 1972-இல் 'டிடிமோஸ்' என்ற பெயரில் இதற்கென்றே துணி நெய்வித்து விற்க ஆரம்பித்தார். இன்று ஆன்லைனில் கிடைக்கும் நீளக் கட்டுத்துணிகளுக்கெல்லாம் அதுதான் முன்னோடி. அவருக்கு முன்பே மெக்சிகோவில் ரெபோசோ சால்வை இருந்தது, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் இடுப்பையும் மார்பையும் சுற்றும் துணி இருந்தது. நம் நாட்டிலேயே மிசோ, நாகா, காசிப் பெண்கள் சால்வையில் கட்டுகிறார்கள். ஜார்க்கண்டின் சந்தால், முண்டா பெண்கள் முதுகில் கட்டியபடியே வயலில் இறங்குகிறார்கள். தமிழ்நாட்டில் நரிக்குறவப் பெண்ணின் தோள் துணியைப் பார்க்காத பஸ் ஸ்டாண்ட் உண்டா? போதாக்குறைக்கு, ஹப்சிகுடாவின் பெயரே ஹப்ஷிகள் என்று அழைக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களிடமிருந்து வந்தது என்பார்கள். நிஜாமின் ஆப்பிரிக்கக் குதிரைக் காவல்படை குடியிருந்த இடம் இன்றும் ஏ.சி. கார்ட்ஸ் என்ற பெயரில் மாசாப் டேங்க் பக்கம் இருக்கிறது. இந்த ஊரில் நின்றுகொண்டு முதுகுத் துணியை அந்நியம் என்றால் எப்படி?

எதிர்த்தரப்பின் கதையும் ஒன்று உண்டு. "ஜான்சி ராணியே கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டுதான் போரிட்டாள்" என்று ஆதரவாளர்கள் மார்தட்டுவார்கள். அந்தக் குழந்தை, தாமோதர் ராவ், தத்தெடுக்கப்பட்டது 1853 நவம்பரில், ராணியின் கணவர் அரசர் கங்காதர் ராவ் இறப்பதற்கு முந்தைய நாள். அப்போதே அவன் ஓடியாடும் சிறுவன். 1858 ஏப்ரலில் ராணி கோட்டையை விட்டு வெளியேறியபோது எட்டு, ஒன்பது வயது. சிலை வடித்தவர்களும் படம் போட்டவர்களும்தான் அவனைத் தவழும் குழந்தையாக்கிவிட்டார்கள்.

"கால் வளைந்துவிடும், இடுப்பு அகன்றுவிடும்."

பாட்டிமார்கள் அதிகம் சொல்வதும், உண்மைக்கு நேர் எதிரானதும் இதுதான். பிறந்த குழந்தையின் கால் ஏற்கெனவே வில்லாகத்தான் இருக்கும். கருப்பைக்குள் மடங்கிக் கிடந்த கால் அது. நடக்க ஆரம்பித்து இரண்டு வயதை ஒட்டி நேராகும். மூன்று, நான்கு வயதில் முழங்கால்கள் ஒன்றையொன்று இடிக்கிற மாதிரி உள்பக்கம் சாயும், ஏழு வயதுக்குள் தானாகச் சரியாகும். இந்த மாற்றங்களுக்கும் துணிக்கும் சம்பந்தமில்லை. இரண்டு வயதுக்குப் பிறகும் வளைவு கூடிக்கொண்டே போனாலோ, ஒரு கால் மட்டும் வளைந்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். வெயிலே படாமல் ஃபிளாட்டுக்குள் வளரும் குழந்தைகளுக்கு வைட்டமின் டி குறைந்து எலும்பு மெலிவது ஒரு காரணமாக இருக்கலாம்.

தெலங்கானாவில் முழங்கால் கோணியவர்கள் நிறையப் பேர் உண்டு என்பது வாஸ்தவம். அதற்கான காரணத்தைத் துருவிப் பார்த்தவர்கள் ஹப்சிகுடாவுக்கு அடுத்த மெட்ரோ நிறுத்தமான தார்நாகாவில் இருந்தார்கள். குன்னூரில் 1918-இல் சிறியதாகத் தொடங்கி, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் பெயர்ந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. அதன் விஞ்ஞானிகள் கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணசாமியும் 1973-இல் 'லான்செட்' இதழில், ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடிக்கும் பகுதிகளில் இளம் வயதினருக்கு முழங்கால் உள்நோக்கிக் கோணுவதையும் எலும்பு அடர்த்தி குறைவதையும் பதிவு செய்தார்கள். அப்படிப்பட்ட பகுதியான நல்கொண்டாவின் கால்களைக் கெடுத்தது கிணற்று நீர். தாய்மார்களின் முந்தானை மேல் பழி போட வழியில்லை.

இடுப்பு மூட்டின் விஷயம் இன்னும் சுவாரசியமானது. முதல் மாதங்களில் தொடையெலும்பின் பந்து உட்காரும் கிண்ணம் பெரும்பாலும் குருத்தெலும்புதான். தொடை மடங்கி, அகன்று, தவளை போல் இருக்கும்போது பந்து கிண்ணத்துக்குள் ஆழமாக உட்காருகிறது. இரண்டு காலையும் நீட்டி ஒட்டவைத்து இறுகக் கட்டினால் அது வெளியே நழுவப் பார்க்கும். ஜப்பானில் பிறந்த குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு விலகல் 1.1 முதல் 3.5 சதவீதம் வரை இருந்தது. 1975-இல், குழந்தையின் காலை நீட்டிக் கட்டாதீர்கள் என்று நாடு முழுக்கப் பிரசாரம் செய்தார்கள். விகிதம் 0.2 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. முதுகில் கட்டுவதே வழக்கமான மலாவியில், பிளான்டயர் நகர மருத்துவமனை ஒன்று 2002 முதல் 2012 வரை பார்த்த 40,000-க்கும் மேற்பட்ட சிறார்களில் ஒருவருக்குக்கூட இந்தக் குறைக்காக அறுவை சிகிச்சை செய்யவில்லை. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு, எல்லாப் பெருமையையும் துணிக்கே கொடுக்க முடியாது. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது தெளிவு.

முதுகுத் துணிக்கு முகம் சுளிக்கும் அதே பாட்டி, எண்ணெய் தேய்த்துக் காலை நீட்டி உருவி, டவலில் குச்சி மாதிரிச் சுற்றிக் கையில் கொடுப்பார். கவலைப்பட வேண்டியது அந்தச் சுற்றலைப் பார்த்துத்தான். பிறந்த குழந்தையைச் சுற்றுவதில் தப்பில்லை, இடுப்புக்குக் கீழே கால் மடங்கி விரிய இடம் விடுங்கள். கட்டும்போதும் அதே விதி. துணி ஒரு முழங்கால் குழியிலிருந்து மறு குழிவரை தொடையைத் தாங்க வேண்டும், பிருஷ்டத்தைவிட முழங்கால் உயர்ந்திருக்க வேண்டும். ஒக்கலில் தூக்கி வளர்த்த நம் வழக்கம் இதற்குச் சரியாகவே பொருந்துகிறது. கால் கீழே தொங்க, முகம் ரோட்டைப் பார்க்கக் கட்டும் சில கேரியர்கள்தான் பொருந்துவதில்லை.

"முதுகில் இருந்தால் மூச்சு முட்டும்."

மூச்சைப் பற்றிய பயம் நியாயமானது. அது போய் நிற்கும் இடம்தான் சரியில்லை. 2010 மார்ச்சில் அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், முந்தைய 20 ஆண்டுகளில் ஸ்லிங் எனும் தோளில் மாட்டும் துணி தொடர்பாக நடந்த 14 குழந்தை மரணங்களைச் சுட்டிக்காட்டி எச்சரித்தது. அவற்றில் 12 நான்கு மாதத்துக்கும் குறைந்த குழந்தைகளுடையவை. ஆணையம் கவனிக்கச் சொன்னது, குழந்தை உடல் வளைந்து உள்ளே சுருண்டு படுக்கும் பை போன்ற ஸ்லிங்குகளை. தாடை நெஞ்சில் இடித்தால் அந்த வயதின் மெல்லிய மூச்சுக்குழாய் மடிந்துவிடும், குழந்தை அழக்கூடச் செய்யாது. துணி மூக்கை மூடினாலும் இதே கதிதான்.

ஆகவே முதுகுக்கு மாறுவதைத் தலை நன்றாக நிற்கும் வரை தள்ளிப்போடுங்கள். உட்காரப் பழகுகிற ஆறு மாதம் நிதானமான கணக்கு. அதுவரை முன்னால் நிமிர்ந்த நிலையில், தலையில் முத்தம் கொடுக்க எட்டும் உயரத்தில், தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும்படி கட்டுங்கள். குறைப்பிரசவக் குழந்தைகளுக்கான கங்காரு முறையும் மார்போடு மார்பாகத்தான், முதுகில் அல்ல. முதுகில் கட்டத் தொடங்கியதும் உயரமாகக் கட்டுங்கள். உங்கள் தோளுக்கு மேலே குழந்தை எட்டிப் பார்க்க வேண்டும். போனின் முன்பக்கக் கேமராவை ஒரு நிமிஷம் திருப்பினால் முகம் தெரிந்துவிடும். பழகும் நாட்களில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு கட்டுவது நல்லது.

"தூக்கியே பழக்கினால் இறங்கவே மாட்டான்."

1986-இல் மான்ட்ரியாலில் ஆய்வாளர்கள் ஹன்சிகரும் பாரும் செய்த ஆய்வில், அழாத நேரத்திலும் கூடுதலாகத் தூக்கப்பட்ட குழந்தைகள் ஆறு வார வயதில் 43 சதவீதம் குறைவாக அழுதார்கள். இதை வைத்து 'வயிற்றுவலி அழுகைக்கு இதுவே மருந்து' என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். விடாமல் கத்தும் அந்த வகைக் குழந்தைகளிடம் பார் 1991-இல் சோதித்தபோது பலன் தென்படவில்லை. நடக்கத் தாமதமாகும் என்பதும் கதைதான். முதுகில் சுமக்கப்பட்டு வளரும் கென்யாவின் கிப்சிகிஸ் குழந்தைகள் மேற்கத்தியக் குழந்தைகளைவிடச் சுமார் ஒரு மாதம் முன்பாகவே உட்காரவும் நடக்கவும் செய்தார்கள் என்று ஆய்வாளர் சார்லஸ் சூப்பர் 1976-இல் எழுதினார். அங்கே உட்காருவதையும் நடப்பதையும் சொல்லிக்கொடுத்தே பழக்குகிறார்கள்.

"தாய்க்கு இடுப்பு போய்விடும்."

சிசேரியன் ஆறுவதற்கு முன் கட்டினால் போகலாம். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தெலங்கானாவில் பிரசவங்களில் 60.7 சதவீதம் சிசேரியன், நாட்டிலேயே அதிகம். எனவே இந்த ஊரில் டாக்டரைக் கேட்டபின் ஆரம்பிப்பது பெரும்பாலோருக்கும் பொருந்தும். ஆறிய பிறகு, கையில் தூக்கி அலைவதைவிடத் துணியில் சுமப்பது உடலுக்குக் குறைந்த செலவு. முதுகில் சுமை இடுப்பில் இறங்குகிறது, கைகளும் காலி. தளர்ந்து தொங்கும் கட்டுதான் முதுகை இழுக்கும்.

"பழைய புடவை போதும், எதற்குக் காசு?"

பாதி உண்மை. உறுதியான பருத்திப் புடவை, நீளம் தாராளம், கட்டலாம். சிந்தெடிக் வழுக்கும், முடிச்சு நழுவும். துப்பட்டா நீளம் காணாது. பல தடவை துவைத்து நைந்த துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். இழை விலகினால் தூளிக்குக்கூட வேண்டாம். கட்டுத்துணியின் விலைக்கு அதன் நெசவுதான் காரணம். மூலைவாட்டில் சற்றே நெகிழ்ந்து, நெட்டில் நெகிழாமல் நிற்கும். ஏப்ரல், மே மாதத்து ஹைதராபாத் வெயிலில் அதுவும் ஒரு உடை என்று கணக்கு வையுங்கள். உள்ளே ஒற்றைப் பருத்திச் சட்டை போதும், வெளியே போவது காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ இருக்கட்டும். சூடு தெரிந்துகொள்ளப் பிடரியைத் தொட்டுப் பார்க்க வேண்டும், உள்ளங்கை ஏமாற்றும்.

இந்தப் பட்டியலில் பாட்டியும் சொல்லாதது, பக்கத்து வீட்டுக்காரரும் கேட்காதது ஒன்று மிச்சம் இருக்கிறது. உப்பல் மெயின் ரோட்டில், துணியால் கட்டிய குழந்தையோடு ஸ்கூட்டியில் போகும் அம்மாக்களை யாரும் நிறுத்திப் பேசுவதில்லை. "கட்டியிருக்கோம்ல, விழாது" என்ற நிம்மதி வேறு. கட்டுத்துணி விபத்தைத் தாங்கச் செய்ததல்ல. வண்டி சாய்ந்தால் தாயின் எடை முழுவதும் குழந்தை மேல் விழும். 2022-இல் அறிவித்து 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதி, நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையை ஏற்றினால் அதற்கென்று செய்த பாதுகாப்புப் பட்டை வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒன்பது மாதம் முதல் தலைக்கவசமும் கட்டாயம். அதற்கும் சின்னக் குழந்தையை ஸ்கூட்டியில் ஏற்றவே வேண்டாம் என்பது என் கட்சி. அதற்குப் பதிலாக ஹப்சிகுடா ஸ்டேஷனில் நீலப் பாதை மெட்ரோ ரயில் நிற்கிறது. கூட்டத்தில் ஏறுவதற்கு முன் மட்டும் முதுகிலிருக்கும் குழந்தையை முன்பக்கம் மாற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். மூடும் கதவும் அடுத்தவர் பையும் உங்கள் முதுகுக்குத் தெரியாது.