ஆறு நிமிஷ நடைப் பரீட்சை

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வார்ப்படப் பட்டறையில் வேலை பார்த்த என் தந்தையாருக்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். ஆறு நிமிஷம் நடக்கவைத்துச் சோதிக்க வேண்டும் என்கிறார் டாக்டர். மாடி ஏறினாலே இரைக்கிறவருக்கு இது அபாயமில்லையா?

பதில்: 1976-இல் பிரிட்டிஷ் வைத்தியர்கள் இத்தகைய நோயாளிகளைப் பன்னிரண்டு நிமிஷம் நடக்கவிட்டார்கள், அது அவர்களை மிகவும் சோர்வுறச் செய்யவே, 1982-இல் ஆறு நிமிஷமே போதுமென்று கண்டார்கள். இதில் வேகத்தை நிர்ணயிப்பவர் நோயாளியே. மூச்சு முட்டினால் நிற்கலாம், சுவரில் சாயலாம், மீண்டும் நடக்கலாம். கடிகாரம் மட்டும் நிற்பதில்லை. ஆதலால், முறைப்படி மேற்பார்வையில் நடத்தினால், விபரீதம் நேர்வது மிக அபூர்வம். சாதாரணமாகக் காணப்படுவது ரத்தத்தில் பிராணவாயு குறைவதுதான். விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டர் 80 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கினால், அல்லது மார்பு வலித்தால், நடையை உடனே நிறுத்திவிடுவார்கள். வெளிப்படையாகத் தெரியாத இக்குறைவை வெளிக்கொணர்வதும் பரீட்சையின் பிரயோஜனங்களில் ஒன்றென்பதால், அதற்கு அஞ்சிச் சோதனையையே தவிர்ப்பது விவேகமன்று.

ஆனால் கடந்த ஒரு மாதத்துக்குள் மாரடைப்பு வந்திருந்தால் ஒத்திப்போட வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120-க்கோ, ரத்த அழுத்தம் 180/100-க்கோ மேற்பட்டிருந்தால், டாக்டர் மறுபடி யோசிப்பார். சமதளமான முப்பது மீட்டர் தாழ்வாரத்தில் செய்யவேண்டிய இதை, கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் வீட்டிலிருக்கிறதே என்று, அம்பத்தூர் சி.டி.எச். சாலையோரத்து லாரிப் புகையில் தாங்களே நடத்திப் பார்க்க வேண்டாம். வழக்கமான மருந்துகளை நிறுத்தாமல், பழகிய செருப்போடும் கைத்தடியோடும் அவரை அழைத்துச் செல்லுங்கள்.