சூரிய ஒளியில் அம்மோனியா

மும்பையில் செம்பூரை அடுத்த டிராம்பே உரத் தொழிற்சாலை 1965ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. இந்திய உரக் கழகத்தின் கீழ் இருந்த இவ்வாலை, 1978இல் அமைக்கப்பட்ட ராஷ்டிரிய ரசாயன உர நிறுவனத்தின் பொறுப்பில் வந்தது. யூரியாவுக்கு அடிப்படையான அம்மோனியா இங்கு இயற்கை வாயுவைக் கொண்டு தயாரிக்கப்படுகிறது.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜனே. எனினும் அதன் இரு அணுக்களும் மும்மைப் பிணைப்பால் இறுகியுள்ளமையால் பயிர்கள் அதனை நேரடியாக ஏற்க இயலாது. அப்பிணைப்பைத் தொழில்முறையில் வென்றது ஹேபர்-பாஷ் முறையாகும். 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் இம்முறையில் உற்பத்தி தொடங்கிற்று. இரும்பு வினையூக்கியோடு 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வெப்பமும், நூறு வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தமும் இதற்குத் தேவை. இயற்கை வாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கையில் கரியமில வாயுவும் பெருமளவில் வெளியேறுகிறது.

சாதாரண வெப்பத்தில், நீரையும் காற்றையும் வெயிலையும் கொண்டே அம்மோனியாவைப் பெற முடியுமா? மண்ணில் சூரிய ஒளியால் நைட்ரஜன் நிலைப்படுகிறது என்னும் கருத்தை அலகாபாத் வேதியியல் அறிஞர் நீல் ரத்தன் தர் முன்வைத்தார். 1977இல் ஷ்ரவுசர், குத் ஆகிய இருவரும், சிறிதளவு இரும்பு கலந்த டைட்டானியம் டை ஆக்ஸைடின் மீது ஒளி பட்டபோது அம்மோனியா உண்டானதாக அறிவித்தனர். இத்தகைய பொருள் ஒளிவினையூக்கி எனப்படும். ஒளி அதிலுள்ள எலக்ட்ரான்களைக் கிளர்த்தி மேல்நிலைக்கு ஏற்றுகிறது. அவை நைட்ரஜனைச் சேர்கின்றன. அவை விட்டுச் சென்ற வெற்றிடங்கள் நீரிலிருந்து எலக்ட்ரான்களை ஈர்த்து ஆக்ஸிஜனை வெளியேற்றுகின்றன.

இதில் இடர்ப்பாடுகள் மூன்று. முதலாவது, டைட்டானியம் டை ஆக்ஸைடு புற ஊதாக் கதிர்களையே ஏற்கிறது. வெயிலில் அவை ஏறக்குறைய 5 சதவீதமே. இரண்டாவது, கிளர்ந்த எலக்ட்ரான்களில் பல வெற்றிடங்களுக்கே திரும்பிவிடுகின்றன. எஞ்சியவற்றில் பலவும் நீரிலிருந்து ஹைட்ரஜனையே உண்டாக்குகின்றன. மூன்றாவது, கிடைக்கும் அம்மோனியா மிகமிகக் குறைவு. ஆய்வுக்கூடக் காற்றிலும் கையுறையிலும் மனித மூச்சிலும் உள்ள அம்மோனியாவே சோதனையின் விளைவாகத் தோன்றி ஏமாற்றிவிடக்கூடும்.

எனவே நம்பகமான சான்றுக்குச் சில சோதனைகள் இன்றியமையாதவை. ஒளியின்றி ஒரு முறையும், நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கானைக் கொண்டு ஒரு முறையும் சோதனையை நடத்த வேண்டும். பின்னர், தூய்மை செய்யப்பட்ட நைட்ரஜன்-15 ஐசோடோப்பைச் செலுத்தி, அதே ஐசோடோப்பு அம்மோனியாவில் உள்ளதா எனக் காண வேண்டும்.

வயலருகே, பாசன நீரிலேயே நீர்த்த அம்மோனியாவை உண்டாக்க முடியுமாயின் உரப் போக்குவரத்துச் செலவும் எரிபொருளும் மிச்சமாகும். அந்நாள் இன்னும் வரவில்லை. டிராம்பே போன்ற ஆலைகளுக்கு இம்முறை இன்று மாற்றாகாது. திட்டமிடுவோர் இதனை உற்பத்திக் கணக்கில் சேர்க்காமல், ஆராய்ச்சிக் கணக்கில் வைத்து ஆதரிப்பதே பொருத்தமாகும். மாணவர்களுக்கோ, புதிய வினையூக்கியைக் காண்பதைப் போலவே, கிடைத்ததைப் பிழையின்றி அளப்பதும் முதன்மையான பணியாகும்.