தடித்த கையுறையோடு கடலில் இறங்குகிறீர்களா? கத்தி வாங்கும் முன் சில குறிப்புகள்

ஸ்காட்லாந்தின் வடக்கே, ஆர்க்னித் தீவுகளுக்கு நடுவில் இருக்கிறது ஸ்காபா ஃப்ளோ. 1919-ல் ஜெர்மன் கடற்படையினர் தங்கள் போர்க்கப்பல்களைத் தாங்களே மூழ்கடித்த இடம். மிச்சமிருக்கும் கப்பல்களைப் பார்க்க இன்றும் ஸ்கூபா டைவர்கள் போகிறார்கள். கோடையில்கூட அங்கே தண்ணீர் 13, 14 டிகிரிதான். 5 மில்லிமீட்டர் நியோப்ரீன் கையுறையை மாட்டிக்கொண்டுதான் பலரும் இறங்குகிறார்கள். அங்கே கத்திக்கு முக்கியமான வேலை ஒன்றுதான்: உடம்பிலோ சிலிண்டரிலோ சிக்கிய தூண்டில் நரம்பு, வலை, கயிற்றை அறுப்பது.

1. கையுறையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 5 மி.மீ. கையுறை விரலின் இருபுறமும் சேர்ந்து 1 செ.மீ. கூட்டுகிறது. நான்கு விரலுக்கும் சேர்த்து ஏறக்குறைய 4 செ.மீ. வெறும் கைக்குக் கச்சிதமாக இருந்த பிடியில் சுண்டுவிரல் வெளியே தொங்கும். விரல் பதிய அச்சாக வார்த்த பள்ளங்கள் உள்ள பிடியும் வேண்டாம். தடித்த விரல் அதில் உட்காராது. நீளமான, சொரசொரப்பான ரப்பர் பிடியே நல்லது.

2. கத்தியைவிட உறையைத்தான் அதிகம் சோதிக்க வேண்டும். இரண்டு சின்னப் பொத்தான்களைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒருசேர அழுத்தித் திறக்கும் உறைகள் உண்டு. விறைத்த விரலுக்கு அது ஆகாத வேலை. கட்டைவிரலால் ஒரே தள்ளில் விடுபடும் பெரிய நெம்புகோல் உள்ளதைப் பாருங்கள். வாங்கியதும், கையுறையோடு கையை ஐஸ் தண்ணீர் வாளியில் சில நிமிடம் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உருவிப் பாருங்கள். பிறகு திரும்பச் சொருகுங்கள். உருவுவதைவிடச் சொருகுவதுதான் சிரமம். உறையின் வாய் புனல்போல் விரிந்திருந்தால் தப்பித்தீர்கள். கடைசியில் உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். கத்தி நழுவினால் அந்த உறை உதவாது.

3. மடக்குக் கத்தி வேண்டவே வேண்டாம். நகத்தால் நெம்பித் திறக்க வேண்டியதைக் கையுறையோடு எப்படித் திறப்பது?

4. முனை மழுங்கலாக இருக்கட்டும். கூர்முனை, தண்ணீர் புகாத உடையான டிரை சூட்டையோ, தண்ணீர் புகாத கையுறையையோ குத்திவிட்டால் குளிர்ந்த தண்ணீர் உள்ளே வரும். அறுக்கப் போய் நனைந்து விறைப்பது என்ன கணக்கு?

5. அலகு 8 முதல் 10 செ.மீ. போதும். ஒருபக்கம் ரம்பப் பல், மறுபக்கம் நேர் விளிம்பு இருந்தால் கயிற்றுக்கும் நரம்புக்கும் உதவும். அடியில் நரம்பு அறுக்கும் பள்ளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். தங்கூசி நரம்பு தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. பள்ளத்தில் மாட்டி இழுப்பதே சுலபம்.

6. மெல்லிய கம்பிக்குக் கத்தி பயன்படாது. ஆம்புலன்சில் துணி வெட்ட வைத்திருப்பார்களே, அந்தக் கத்தரிக்கோல் வெட்டும். ஆனால் வளையத்துக்குள் கையுறை போட்ட கட்டைவிரல் நுழைய வேண்டும். பல மாடல்களில் நுழையாது.

7. அலகு உள்ளே மறைந்திருக்கும் நரம்பு வெட்டி ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டி இழுத்தால் போதும், கையுறை கிழியாது. ஒரு பெரிய கத்தியைவிட இரண்டு சிறிய கருவிகளை இரண்டு இடத்தில் வைப்பதே புத்திசாலித்தனம் என்பேன்.

8. காலில் கட்டுவது பழைய வழக்கம். தடித்த சூட்டில் குனிந்து அதை எட்டுவதே பெரும்பாடு. மார்பிலோ இடுப்புப் பட்டையிலோ, எந்தக் கைக்கும் எட்டும்படி வையுங்கள். காலில்தான் கட்டுவேன் என்றால், உட்புறம், இழுபடும் ரப்பர் பட்டையால் கட்டுங்கள். ஆழத்தில் நியோப்ரீன் நசுங்கி மெலியும்போது சாதாரணப் பட்டை தளர்ந்துவிடும்.

9. சிவப்புப் பிடி கடையில் பளிச்சென்று இருக்கும்; பத்து மீட்டர் ஆழத்தில் கறுத்துத் தெரியும். மஞ்சள் எடுங்கள்.

10. டைட்டானியம் துருப்பிடிக்காது, விலைதான் கூடுதல். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, சிலிகான் கிரீஸ் பூசுங்கள். உறைக்குள் தங்கும் உப்பை மறந்துவிட வேண்டாம்.

11. கத்தியைக் கடப்பாரையாக்காதீர்கள். அலகு ஒடியும். ஸ்காபா ஃப்ளோவில் பல கப்பல்கள் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை, எதையும் பெயர்க்கக் கூடாது.

12. பிரிட்டனில் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் இப்படிப்பட்ட கத்தியை வைத்திருப்பது குற்றம். கரையேறியதும் மற்ற சாமான்களோடு பையில் போட்டு மூடுங்கள். விமானத்தில் போகிறவர்கள் கத்தி, கத்தரி, நரம்பு வெட்டி மூன்றையும் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போடவும்.