சேம் சைடு கோல் போட்ட வீராங்கனை

முன்னுரை

இந்த மாதச் சுவர் இதழுக்கு 'எனக்குப் பிடித்த விளையாட்டு வீரர்' என்று தலைப்பு கொடுத்தார்கள். நிறையப் பேர் ரன் அடிப்பவர்களைப் பற்றியும், கோல் அடிப்பவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். நான் கோலைத் தடுக்கிற ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். நம்ம கிரவுண்டில் 'பேக்' என்று சொல்கிறோமே, அந்த இடத்தில் ஆடியவர்.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. குறுவட்டப் போட்டியில் சேம் சைடு கோல் போட்டது நான்தான். அது உங்கள் எல்லோருக்கும் தெரியும். நாம் 0-1 என்று தோற்றோம். அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் என்னிடம் பேசவில்லை. அவர்கள் மேல் தப்பு இல்லை, அவங்களுக்கும் அழுகைதான். ஆனால் மறுநாளிலிருந்து என் பெயரே 'சேம் சைடு' ஆகிவிட்டது. இரண்டு வாரம் நான் கிரவுண்டுப் பக்கமே போகவில்லை. பி.டி. டீச்சர் கூப்பிட்டு விட்டார்கள். திட்டுவாங்க என்று பயந்து போனேன். திட்டவில்லை. "பிராண்டி சாஸ்டெய்ன்னு ஒருத்தர் இருக்காங்க. அவங்களைப் பத்திப் படிச்சிட்டு வந்து எனக்குச் சொல்லு" என்றார்கள். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

(பெயரைப் பார்த்துச் சிரிக்காதீங்க. அமெரிக்காவில் பெண் பிள்ளைகளுக்கு அப்படியும் பெயர் வைப்பார்கள்.)

பேக் என்பவரின் வேலை

கால்பந்தில் ஒரு அணிக்கு 11 பேர். ஒருவர் கோலி. மற்ற 10 பேரும் பேக், நடுக்களம், ஃபார்வர்ட் என்று பிரிந்து நிற்பார்கள். எதிரணியின் ஃபார்வர்டைப் பந்தோடு நம் கோல் பக்கம் விடாமல் தடுப்பதுதான் பேக்கின் வேலை. கோல் என்பது 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். அவ்வளவு பெரிய இடத்தைக் கோலி ஒருவரே காக்க முடியாது.

இதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. ஃபார்வர்ட் ஒன்பது முறை தவறவிட்டு ஒரு முறை கோல் அடித்தால் தூக்கி வைத்து ஆடுவோம். பேக் ஒன்பது முறை தடுத்துவிட்டு ஒரு முறை தவறினால் அந்த ஒன்றைத்தான் சொல்வோம். அதிலும் பந்து பேக்கின் காலில் பட்டுத் தன் கோலுக்குள்ளேயே போய்விட்டால் எதிரணிக்கு ஒரு கோல்! அதைத்தான் சேம் சைடு கோல் என்கிறோம்.

முதலில் அவர் ஃபார்வர்ட்

பிராண்டி சாஸ்டெய்ன் 1968 ஜூலை 21-ல் கலிஃபோர்னியா மாநிலத்தில் சான் ஓசே என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே கோல் அடிக்கிற ஃபார்வர்டாகத்தான் ஆடினார். கல்லூரியில் படிக்கும்போது இரண்டு முழங்காலிலும் அடிபட்டு ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகும் விடவில்லை. 1988-ல் அமெரிக்க அணியில் இடம் கிடைத்தது. 1991-ல் உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் மெக்சிகோவோடு ஆட்டம். மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்து ஒரே ஆட்டத்தில் 5 கோல் போட்டார்!

பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை அதே 1991-ல் சீனாவில் நடந்தது. அமெரிக்காதான் சாம்பியன். சாஸ்டெய்னும் அணியில் இருந்தார். ஆனால் அதன் பிறகு அவரை அணிக்குக் கூப்பிடவில்லை. 5 கோல் போட்டவருக்கே இந்த நிலைமை. 1993-ல் ஜப்பானுக்குப் போய் அங்கே ஒரு கிளப்புக்கு ஆடினார். 1995 உலகக் கோப்பை அணியிலும் அவர் பெயர் இல்லை.

பிறகு பயிற்சியாளர் டோனி டிசிக்கோ அவரைத் திரும்ப அழைத்தார். ஆனால் ஒரு நிபந்தனை. ஃபார்வர்டாக இல்லை, பேக்காக ஆட வேண்டும். யோசித்துப் பாருங்கள். இத்தனை வருடம் கோல் அடித்துப் பழகியவரை, இனிமேல் நீ கோலைத் தடுக்கிறவள் என்றால் எப்படி இருக்கும்? சாஸ்டெய்ன் சரி என்று சொல்லி, புதிதாகக் கற்றுக்கொண்டார். 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் முதல் முறையாகப் பெண்கள் கால்பந்தைச் சேர்த்தார்கள். இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா 2-1 என்று சீனாவை வென்று தங்கம் வாங்கியது. சாஸ்டெய்னுக்கு அப்போது 28 வயது. பேக் ஆகித்தான் அவர் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார்.

1999 ஜூலை 1: ஐந்தாவது நிமிடம்

நான் சொல்ல வந்த முக்கியமான பகுதி இதுதான். 1999 உலகக் கோப்பை அமெரிக்காவிலேயே நடந்தது. கால் இறுதியில் ஜெர்மனியோடு ஆட்டம். 54,642 பேர் பார்க்க வந்திருந்தார்கள். அமெரிக்க ஜனாதிபதி பில் கிளிண்டனும் வந்திருந்தார்.

ஆட்டம் ஆரம்பித்து ஐந்தாவது நிமிடம். சாஸ்டெய்ன் பந்தைத் தங்கள் கோலி பிரையனா ஸ்கரிக்குத் திருப்பிக் கொடுத்தார். இது பேக் எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஸ்கரி அந்த நேரம் பந்தை எடுக்க முன்னால் வந்துவிட்டார். ஒருவரை ஒருவர் சரியாகப் பார்க்கவில்லை. பந்து ஸ்கரியைத் தாண்டி மெதுவாக உருண்டு கோலுக்குள்ளே போயிருச்சு! ஜனாதிபதி பார்க்க, சொந்த நாட்டு ஜனங்கள் பார்க்க, உலகக் கோப்பையில் சேம் சைடு கோல்!

பி.டி. டீச்சர் செல்போனில் இந்த வீடியோவைக் காட்டினார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் போட்டதும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

அப்போது அணித் தலைவி கார்லா ஓவர்பெக் சாஸ்டெய்னிடம் வந்தார். அவரும் ஒரு பேக்தான். திட்டவில்லை. இன்னும் நிறைய நேரம் இருக்கிறது, கவலைப்படாதே என்று தைரியம் சொன்னார். சாஸ்டெய்ன் தலையைத் தொங்கப் போடாமல் தன் இடத்துக்குப் போய் நின்று ஆடினார்.

16-வது நிமிடத்தில் அமெரிக்கா ஒரு கோல் அடித்துச் சமன் செய்தது. முதல் பாதி முடியும் நேரத்தில் ஜெர்மனி இன்னொன்று அடித்து 2-1 ஆக்கியது. இடைவேளைக்குப் பிறகு 49-வது நிமிடம். அமெரிக்காவுக்கு ஒரு கார்னர் கிக். கோல் முன்னால் கூட்டத்துக்குள் வந்த பந்தை ஒருவர் காலால் அடித்து உள்ளே தள்ளிவிட்டுக் கீழே விழுந்தார். யார் தெரியுமா? சாஸ்டெய்ன்! ஸ்கோர் 2-2. 66-வது நிமிடத்தில் ஜாய் ஃபாசெட் தலையால் முட்டி மூன்றாவது கோலைப் போட்டார். அவரும் பேக்தான்! அமெரிக்கா 3-2 என்று ஜெயித்தது.

ஐந்தாவது நிமிடத்துக்கும் 49-வது நிமிடத்துக்கும் இடையே 44 நிமிடம். நமது ஒரு பீரியட் நேரம். அந்த நேரம் முழுவதும் அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும்? ஆனாலும் ஆடிக்கொண்டே இருந்தார். நான் என்ன செய்தேன் என்றால், கோல் போன பிறகு பந்து என் பக்கம் வரக் கூடாது என்று சாமி கும்பிட்டுக்கொண்டு நின்றேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

1999 ஜூலை 10: கடைசி உதை

இறுதி ஆட்டம் பாசடீனா நகரில் ரோஸ் பவுல் மைதானத்தில் சீனாவோடு நடந்தது. வந்தவர்கள் 90,185 பேர். 90 நிமிடம் ஆடியும் கோல் இல்லை. கூடுதல் நேரம் 30 நிமிடம் ஆடினார்கள். அந்தக் காலத்து விதிப்படி கூடுதல் நேரத்தில் யார் முதல் கோல் போட்டாலும் அத்தோடு ஆட்டம் முடிந்தது. சீன வீராங்கனை முட்டிய பந்து உள்ளே போக இருந்தது. கோல் கம்பம் அருகே நின்ற கிறிஸ்டின் லில்லி தலையால் முட்டி வெளியே தள்ளிவிட்டார். ஆட்டம் பிழைத்தது!

பிறகு பெனால்டி. ஒவ்வொரு அணிக்கும் ஐந்து உதை. பந்தை 11 மீட்டர் தூரத்தில் வைத்து அடிக்க வேண்டும். கோலி மட்டும்தான் எதிரே நிற்பார். சீனாவின் மூன்றாவது உதையை ஸ்கரி பாய்ந்து தடுத்துவிட்டார். அமெரிக்காவின் நான்கு உதையும் கோல். ஐந்தாவது உதைக்கு வந்தவர் சாஸ்டெய்ன்.

இதில் ஒரு ரகசியம் இருக்கிறது. அதே ஆண்டு மார்ச்சில் இதே சீனாவோடு ஆடியபோது அவர் வலது காலால் அடித்த பெனால்டி மேல் கம்பத்தில் பட்டு வீணானது. அன்று அமெரிக்கா 2-1 என்று தோற்றது. அதனால் பயிற்சியாளர் அவரை இடது காலாலும் அடித்துப் பழகச் சொல்லியிருந்தார். இறுதி ஆட்டத்தில் இடது காலால் அடிக்கச் சொன்னார். ஆட்டத்தில் அப்படிப் பெனால்டி அடிப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. ஓடி வந்தார், இடது காலால் அடித்தார். கோல்! 5-4. அமெரிக்கா உலக சாம்பியன்.

அந்தச் சந்தோஷத்தில் அவர் ஜெர்சியைக் கழற்றிச் சுழற்றி, மண்டியிட்டு, இரண்டு கையையும் உயர்த்தினார். உள்ளே விளையாட்டு உள்ளாடை போட்டிருந்தார். ஆண் வீரர்கள் இப்படிச் செய்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பெண் செய்ததால் சரியா தப்பா என்று பல நாள் பேசினார்கள். 2019-ல் அந்த மைதானத்திலேயே அதே கோலத்தில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள்.

எல்லோருக்கும் தெரிந்தது அந்த மண்டியிட்ட படம்தான். எனக்குப் பிடித்தது ஜூலை 1-ஆம் தேதி ஓவர்பெக் வந்து பேசிய அந்த நிமிடம்.

சம்பளம் வாங்கி ஆடியது

அந்த உலகக் கோப்பைக்குப் பிறகு 2001-ல் அமெரிக்காவில் பெண்களுக்கென்று ஒரு தொழில்முறை லீக் ஆரம்பித்தார்கள். ஆடுகிற எல்லாப் பெண்களுக்கும் சம்பளம் கொடுத்த முதல் லீக் அது. சாஸ்டெய்ன் தன் ஊர் அணியான சான் ஓசே சைபர்ரேஸ் அணிக்கு ஆடினார். முதல் ஆண்டுக் கோப்பை அந்த அணிக்குத்தான். ஆனால் பணம் போதாமல் 2003-ல் லீக்கையே மூடிவிட்டார்கள். 2009-ல் வேறொரு லீக் வந்தது. அப்போது அவருக்கு 40 வயது தாண்டிவிட்டது. ஆனாலும் அதிலும் ஆடினார். அந்த லீக்கும் 2012-ல் நின்றுபோனது.

நாட்டு அணிக்கு 1988 முதல் 2004 வரை 192 ஆட்டம், 30 கோல். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் வெள்ளி, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மறுபடியும் தங்கம். 2023-ல் அவரும் இன்னும் மூன்று முன்னாள் வீராங்கனைகளும் சேர்ந்து 'பே எஃப்.சி.' என்ற பெண்கள் அணியைத் தொடங்கினார்கள். 2024-ல் அந்த அணி லீக்கில் ஆட வந்தது. இரண்டு லீக் மூடியதைப் பார்த்தவர், மூன்றாவதில் தானே ஒரு அணிக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார்!

தலையால் முட்டுவது பற்றி ஒரு எச்சரிக்கை

பேக் ஆடுபவர்கள் உயரமாக வரும் பந்தைத் தலையால் முட்டித் திருப்ப வேண்டியிருக்கும். சின்னப் பிள்ளைகள் அடிக்கடி முட்டினால் மூளைக்குப் பாதிப்பு வரலாம் என்று சாஸ்டெய்ன் பேசி வருகிறார். 14 வயதுக்குள் முட்டவே வேண்டாம் என்பது அவர் கருத்து. 2015-ல் அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் பந்தை முட்டக் கூடாது என்று அறிவித்தது. தன் இறப்புக்குப் பிறகு மூளையை ஆராய்ச்சிக்குத் தருவதாக 2016-ல் சாஸ்டெய்ன் ஒப்புக்கொண்டார். ஆகவே ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளே, வீரம் காட்டுகிறேன் என்று முட்டாதீர்கள். காலால் ஆடுங்கள்.

நாம் தெரிந்துகொள்வது

1. திருப்பிக் கொடுக்கும் முன் கோலி எங்கே நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். கோலியும் குரல் கொடுக்க வேண்டும். இரண்டு பேரும் பேசாததால் வந்த கோல்தான் அது.

2. கோலிக்கு நேராகக் கொடுக்காமல், கோல் கம்பத்துக்கு வெளியே போகும்படி சற்றுத் தள்ளிக் கொடுத்தால், தவறினாலும் கார்னர் கிக்கோடு போகும்.

3. தப்பு நடந்தால் மீதி ஆட்டம் நம் கையில்தான் இருக்கிறது. யானைக்கும் அடி சறுக்கும்.

4. தப்பு செய்தவரிடம் முதலில் போய்ப் பேச ஒருவர் வேண்டும்.

முடிவுரை

இதை எனக்காக மட்டும் எழுதவில்லை. நன்றாக ஓடக்கூடிய ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, "பேக் மட்டும் வேண்டாம்க்கா, என்னையும் அப்படிக் கூப்பிடுவாங்க" என்கிறாள். அது எனக்குத் தோற்றதைவிட வருத்தமாக இருக்கிறது. நம் அணியில் இப்போது பத்துப் பேர்தான் இருக்கிறோம். பேக் ஆட ஆள் வேண்டும். நான் திங்கட்கிழமையிலிருந்து மறுபடி வருகிறேன். அதே இடத்தில்தான் ஆடப் போகிறேன். அந்தத் தங்கையும் வர வேண்டும். அவள் தவறவிட்டால் முதலில் போய்ப் பேசுவது நானாக இருப்பேன்.

உங்களுக்குத் தெரியுமா?

நேரடி ஃப்ரீ கிக் அடிக்கும்போது பந்து வேறு யார் மேலும் படாமல் தன் கோலுக்குள்ளேயே போனால் அது கோல் ஆகாது. எதிரணிக்குக் கார்னர் கிக்தான் கிடைக்கும். த்ரோ இன் போடும்போதும் அப்படியே.

கேள்வி நேரம்

1. 1999 கால் இறுதியில் அமெரிக்காவுக்குக் கோல் போட்ட இரண்டு பேக் யார் யார்?
2. கடைசி உதை எந்தக் காலால்?
3. ஜெர்மனி ஆட்டத்தில் சாஸ்டெய்னுக்குத் தைரியம் சொன்னவர் யார்?

விடை எல்லாம் மேலேயே இருக்கிறது. படித்தால்தான் கிடைக்கும்!

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி (பேக்)