காணிக்கை எந்த வரியில்?

போன மாதம் ஆராதனை முடிந்ததும் எங்கள் சபைத் தம்பி ஒருவன் என்னை ஓரமாகக் கூப்பிட்டான். கல்யாணமாகி எட்டு மாதம். "அண்ணாச்சி, ஒரு பத்தாயிரம் கைமாத்தா கிடைக்குமா?" வாடகை நிற்கிறதாம். தோண்டிக் கேட்டேன். புது வேலையின் முதல் சம்பளத்தை முழுசாகப் படைத்துவிட வேண்டும் என்று அப்பா பிடிவாதம். கையில் மிச்சமிருந்ததை ஓர் உபவாசக் கூட்டத்தில் இவனே எழுதிக் கொடுத்துவிட்டான். பத்து வருஷம் காணிக்கை எண்ணியவன் நான். இப்படி எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று.

அளவறிந்து கொடுக்க முதல் வழி தசமபாகம்; அதை விளக்க வேண்டியதில்லை. 40,000 சம்பளம் என்றால் 4,000. பி.எஃப். பிடிப்பதற்கு முன்னாலா பின்னாலா என்று வாதாடாமல் ஒன்றைத் தீர்மானித்து அதில் நில்லுங்கள். உபாகமம் 14ஆம் அதிகாரத்தில், மூன்றாம் வருஷத் தசமபாகம் லேவியனோடு பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் போகிறது. ஆகவே பாதி சபைக்கு, மீதி மிஷனெரிக்கும் உறவில் நொடித்துப்போன குடும்பத்துக்கும் என்று பிரிப்பதில் தப்பில்லை. (போதகர்கள் சிலருக்கு இது ருசிக்காது.) வருமான வரியை நினைத்துக் கொடுக்க வேண்டாம், புதிய வரி முறையில் நன்கொடைக் கழிவே கிடையாது.

செலவுக்கு வரம்பு கட்டுவது இன்னொரு வழி. ஆக்ஸ்ஃபோர்டில் மெதடிஸ்டுகள் என்று அழைக்கப்பட்ட வாலிபர்களில் ஒருவரைப் பற்றி ஜான் வெஸ்லி எழுதியிருக்கிறார்; அது அவரேதான் என்பார்கள். வருஷ வருமானம் 30 பவுண்டு, செலவு 28, கொடுத்தது 2. வருமானம் 60, 90, 120 என்று ஏறியும் செலவு 28ஐத் தாண்டவில்லை. ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிற வீட்டில் இது நடக்காது. இன்கிரிமென்டில் பாதியைத் தொடாமல் வைப்பது நடக்கும்.

இப்போது எல்லாரும் விழுகிற குழிக்கு வருகிறேன்: விதைக் காணிக்கை. அமெரிக்காவில் ஓரல் ராபர்ட்ஸ் பரப்பிய போதனை, நம்மூர் மேடைகளில் நன்றாக வேர்பிடித்துவிட்டது. ஆயிரம் விதைத்தால் நூறு மடங்கு விளையும், கடன் தீரும், வீடு வரும் என்கிறார்கள். நானும் விதைத்தேன். ஒரு கன்வென்ஷனில் பாட்டு உச்சத்தில் இருந்தபோது 20,000 என்று அட்டையில் எழுதினேன். வீட்டுக்காரியின் சங்கிலி அடகுக்குப் போனது. நூற்றுக்கு இரண்டு வட்டி, மாதம் 400; மீட்கப் பதினாலு மாதம் ஆயிற்று. வட்டி மட்டும் 5,600. ஆகையால் இந்த விஷயத்தில் என்னிடம் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியதைப் பாருங்கள். வாரத்தின் முதல் நாள்தோறும் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்துவைக்கச் சொல்கிறார், தான் வந்தபின் பணம் சேர்க்கிற வேலை இருக்கக்கூடாது என்பதற்காக! பிரசங்கியார் மைக்கைப் பிடிப்பதற்கு முன்பே தொகை தீர்மானமாகியிருக்க வேண்டும். பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் கொர்பான், அதாவது காணிக்கை, என்று ஒதுக்கியவர்களை இயேசு கடிந்துகொண்டதும் மாற்கு 7இல் இருக்கிறது. வாடகை பாக்கியை மறந்து காணிக்கை போடுகிறவன் வீட்டுக்காரர் பணத்தைத்தான் போடுகிறான்.

கொடுக்கிற கை ஒரே நாளில் பழகாது. தினக்கூலிக்காரருக்கும் மாதச் சம்பளக்காரருக்கும் ஒரே அளவு பொருந்தாது. ஆறு மாதம் செலவு நோட்டு எழுதினால்தான் தன் அளவு தெரியும். எங்கள் அம்மாவுக்கு நோட்டு தேவைப்படவில்லை. உலைக்கு அரிசி அளந்தபின் அதிலிருந்தே ஒரு பிடி எடுத்துத் தகர டப்பாவில் போடுவாள். ஞாயிறன்று எல்லா வீட்டுக் கைப்பிடி அரிசியும், பொன்னியும் ரேஷனும் கலந்து, கோயில் வாசலில் ஏலம் போகும்.

தம்பிக்குப் பத்தாயிரத்தோடு ஒரு நாற்பது பக்க நோட்டும் கொடுத்தேன். முதல் வரியில் காணிக்கை, இரண்டாவதில் வாடகை என்று எழுதிவிட்டுத் தலை நிமிர்ந்தான்.

"உங்க கடன எதுல எழுத, அண்ணாச்சி?"

"மூணாவதுல எழுதுல."