ஈழத்தலரிக்கு எருவிடும் பருவம்

எங்கள் கல்லூரியின் பழைய விடுதிக்கும் நூல்நிலையத்துக்கும் இடையே நின்ற ஈழத்தலரி மரத்தைப் பழைய மாணவர் பலர் மறந்திருக்கமாட்டார். சென்ற கார்த்திகையில் அம்மரம் பட்டுப்போயிற்று. புயல் வீழ்த்தியதன்று, கறையான் அரித்ததுமன்று. யாமே அதனை மாய்த்தோம். தாவர நூல் பயிலும் மாணாக்கர் சிலரும் யாமும் கூடி, மரம் மிகுதியாகப் பூக்கவேண்டும் என்னும் ஆசையினால், ஐப்பசி முதல் வாரத்தில் அடியைச் சுற்றிக் குழி வெட்டிக் கடலைப் பிண்ணாக்கும் யூரியாவும் தாராளமாக இட்டு நீரும் பாய்ச்சினோம். சில நாட்களில் கிளை நுனிகள் தளதளவென்று தளிர்த்தன. கண்டு மகிழ்ந்தோம். பின்னர் மழை பிடித்துக்கொண்டது. வெட்டிய குழியிலே நீர் தேங்கிற்று. இளநுனிகள் கறுத்தன, கறுமை கீழ்நோக்கி இறங்கிற்று, அடித்தண்டை அழுத்தின விரல் உள்ளே புதைந்தது. பழைய மாணவர் தினத்தன்று வந்த ஒருவர், "அந்த மரம் எங்கே, ஐயா?" என்று வினவினார். அன்று யாம் சரியாக விடை கூறவில்லை. அவருக்குரிய விடையே இக்கட்டுரை.

பெயர் ஈழத்தைச் சுட்டினும் இம்மரத்தின் தாயகம் ஈழமன்று. மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் மேற்கிந்தியத் தீவுகளுமே இதன் பிறப்பிடம். அத்தீவுகளுக்குச் சென்று தாவரங்களை ஆராய்ந்த பிரெஞ்சுத் துறவி சார்லஸ் பிளூமியே (1646–1704) என்பாரின் பெயரால் இதனைப் புளுமேரியா என்பர். பிறந்த நாட்டில் மழைக்காலம் ஒன்று, நெடிய வறட்காலம் ஒன்று என இரண்டே பருவங்களுக்குப் பழகிய மரம் இது. மழையில் வளரும், வறட்சியில் இலை உதிர்த்து, தடித்த தண்டில் நீரையும் உணவையும் சேமித்து உறங்கும். இதனை மனத்திற் கொண்டால் எருவிடும் காலத்தைப் பஞ்சாங்கம் பாராமலே அறியலாம். மரம் விழித்திருக்கும்போது உணவு கொடுத்தல் வேண்டும், உறங்கும்போது கொடுத்தலாகாது. யாம் செய்த பிழை, உறங்கப்போகும் வேளையில் விருந்திட்டமையே.

இனி, மலருக்கும் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பைச் சிறிது ஊன்றி நோக்குவோம். ஈழத்தலரியின் பூங்கொத்து கிளையின் நுனியிலேயே தோன்றும். பூத்த நுனி அத்துடன் நின்றுவிடும். அதன்கீழ் இரண்டு மூன்று பக்கக் கிளைகள் புறப்பட்டு, முதிர்ந்தபின் அவை ஒவ்வொன்றும் பூக்கும். ஆகவே இவ்வாண்டு எழுந்த கிளையே பெரும்பாலும் மறு ஆண்டின் பூவாம். தழைச்சத்து மிகுந்தால் கிளை நீண்டு மெலிந்து மலர் குறையும் என்பது உண்மை. அதற்கு அஞ்சித் தழைச்சத்தே கொடாவிடின் புதுக் கிளை எழாது. கிளை எழாதவிடத்து மலர் எங்ஙனம் வரும்?

மணிச்சத்தே மலர் தரும் என்று எண்ணி, மூன்று எண்களில் நடு எண் மிகப் பெரிதாக அச்சிட்ட பொட்டலங்களை வாங்கிக் கொட்டுவோர் பலர். இது நெடுநாள் நிலவிவரும் மயக்கம். மணிச்சத்து குறைந்த மண்ணில் அதனைச் சேர்த்தால் பயனுண்டு. போதிய அளவு உள்ள மண்ணில் மேன்மேலும் சேர்ப்பின் மலர் பெருகுவதில்லை. பெருகாமையோடு, இரும்பு, துத்தநாகம் ஆகிய நுண்சத்துக்களை வேர் ஏற்கவொட்டாமலும் செய்யும். எலும்புத்தூளும் அத்தகையதே: புளிப்புத்தன்மையுள்ள மண்ணிற் கரையும், சுண்ணாம்புச் சாரமுள்ள மண்ணிலோ பெரும்பாலும் வாளா கிடக்கும். எங்கள் பக்கத்து மண்ணில் கிளிஞ்சல் கலந்துள்ளமையின் எலும்புத்தூளுக்குப் பணம் செலவிடுவதை யாம் விரும்புகிலோம். மண்ணைச் சோதித்துப் பார்த்த பின்னரே மணிச்சத்தை நாடுதல் நன்று.

தமிழ்நாட்டின் கீழைக் கடற்கரையிற் பருவ ஒழுங்கு இவ்வாறு அமைகின்றது. தையிலும் மாசியிலும் மரம் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும். எருவும் வேண்டா, மிகுந்த நீரும் வேண்டா. பங்குனி சித்திரையில் நுனிகள் விரியும். சிலவேளை இலைக்கு முன்னரே பூ வந்துவிடும். பூவைக் கண்டவுடன் எருவிட ஓடவேண்டுவதில்லை. இலைகள் ஒரு சாண் நீளம் வந்தபின், நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு கூடையும் வேப்பம் பிண்ணாக்கு இரண்டு கைப்பிடியும் நடுத்தர மரமொன்றுக்குப் போதும். அடித்தண்டை ஒட்டியிடாமல், கிளைகளின் நிழல் விழும் ஓரத்தில் மேலாகத் தூவி மண்ணோடு கிளறி நீர் விடுக. ஆழக் குழி வெட்டுதல் கூடாது. ஆடியில் மற்றொரு முறை இதிற் பாதி இடலாம். ஆவணிக்குப் பின் நிறுத்திவிடல் வேண்டும். சென்னையில் ஓராண்டிற் பெய்யும் மழையிற் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள காலத்திலேயே பெய்கின்றது. அவ்வேளையில் இளந்தண்டு இருத்தல் அழுகலுக்கு அழைப்பாகும். முதிர்ந்து சாம்பல் நிறமேறிய தண்டே மழையைத் தாங்கும்.

சிங்கப்பூரில் நிலைமை வேறு. நிலநடுக்கோட்டை அடுத்த அவ்வூரில் ஆண்டு முழுவதும் மழையுண்டு. நெடிய வறட்காலம் இல்லை. அங்கு மிகுதியாகக் காணப்படும், இலைநுனி மழுங்கிய வெண்மலர் இனம் முற்றும் இலையுதிர்ப்பதில்லை. பெரும்பாலும் எக்காலத்தும் பூக்கும். (1931-ல் அங்கிருந்து ஹவாய்த் தீவுகளுக்குச் சென்ற இவ்வினத்தை அத்தீவினர் இன்றும் 'சிங்கப்பூர்' என்றே அழைக்கின்றனர், மேற்கிந்தியத் தீவுகளிற் பிறந்த மரத்துக்கு ஓரிடத்தில் ஈழமும் ஓரிடத்தில் சிங்கப்பூரும் பெயராயின!) உறக்கமில்லாத மரத்துக்கு உண்ணாநோன்பும் இல்லை. ஆயின் ஒரே தடவையில் இட்ட உரத்தை மழை கழுவிக்கொண்டு போய்விடும். ஆதலின் சிறுகச் சிறுகப் பலமுறை இடுதலும், மெல்லக் கரையும் உரமணிகளைப் பயன்படுத்துதலும் அங்குப் பொருந்தும்.

குளிர்நாடுகளில் இது தொட்டிச் செடியாகவே பெரும்பாலும் வாழ்கின்றது. உறைபனி பட்டால் தண்டினுள் உள்ள நீரே அதனைக் கொன்றுவிடும். டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரத்தார் குளிர் வருமுன் செடியை வீட்டினுள்ளோ மோட்டார்க் கொட்டகையிலோ வைத்துவிடுகின்றனர். சிலர் வேரோடு பெயர்த்து, மண்ணை உதிர்த்து, விறகுபோல் அடுக்கியும் வைப்பர். மாதக்கணக்கில் எருவுமின்றி நீருமின்றிக் கிடந்து ஏப்ரலில் அது தளிர்ப்பதைக் கேள்வியுறும் நமக்கு வியப்பே தோன்றுகின்றது. ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை அவர்கள் உரமிடுவர். பின்னர்த் தண்டு முதிர விட்டுவிடுவர். தென்கோளத்தில் உள்ள சிட்னியில் மாதங்கள் தலைகீழாகும்: செப்டம்பரில் தொடங்கிப் பிப்ரவரியில் நிறுத்துவர். தொட்டியில் உப்புப் படியும் என்பதை மறத்தலாகாது. அளவிற் குறைத்தே இடுக. இடையிடையே அடித்துளை வழியே ஒழுகுமளவு நல்ல நீரை ஊற்றிக் கழுவுக.

இலையும் சில சொல்லும். மூத்த இலைகள் முழுதும் வெளிறினால் தழைச்சத்துக் குறைவு எனலாம். இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாயிருப்பின் இரும்புக் குறைவு. தை மாதத்தில் எல்லா இலையும் மஞ்சளானால் அது குறையன்று, உறக்கம்.

இறந்த மரத்தின் மேற்கிளைகளில் அழுகாத துண்டுகள் மூன்றை யாம் அறுத்து, பால் உலருமாறு சில நாள் தாழ்வாரத்தில் வைத்து, மணல் நிரம்பிய தொட்டிகளில் நட்டோம். ஒன்று வற்றிப்போயிற்று. இரண்டு, பங்குனியில் இலை விட்டன. தண்டிலிருந்த உணவைக் கொண்டே முதலிலைகள் வந்துவிடுமாதலின், வேர் இறங்கிற்றென்று நம்பி அப்போது எருவிடவில்லை. இதனை எழுதும் ஆனித் திங்களில் தொட்டியடித் துளையில் வெள்வேர் தெரிகின்றது. நூல்நிலையத்தின் மேற்கே, நீர் தேங்காத மேட்டில் அவற்றை நட இருக்கின்றோம். ஆடியில் ஆளுக்கொரு பிடி தொழுவுரம் கிடைக்கும். ஐப்பசி பிறக்குமுன் பிண்ணாக்குக் கோணியையும் மண்வெட்டியையும் அறையில் வைத்துப் பூட்டித் திறவுகோலைத் தம்மிடமே வைத்துக்கொள்வதாகத் தோட்டக்காரர் எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.